உள்ளான்கள் இறங்கும் கழுவெளி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பிரம்மதேசம் தாண்டியும் ஏரியும் வயலும் மல்லாட்டைக் கொல்லையுமாக மாறி மாறி வருகின்றன. நான் போனது தை மாதம். ஏரிகள் நிறைந்து கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. வழிகிற நீரெல்லாம் கிழக்கே சரிந்து போய்ச் சேரும் கழுவெளி ஏரியைப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

எவ்வளவு பரந்ததோ அவ்வளவு ஆழமற்றது கழுவெளி. உள்ளே வெகுதூரத்தில் நின்ற பூநாரைகளுக்குக்கூட முழங்கால் நனையவில்லை. ஏரிநீர் வந்து விழும் பக்கம் நன்னீர்; எடையன்திட்டு முகத்துவாரத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறுகிறது. "கார்த்திகையில மழை நல்லா அடிச்சா தண்ணி இனிக்கும் தம்பி, சித்திரையில வாயில வைக்க முடியாது" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர். இந்த ஏரியின் புவியியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

கரைச் சேற்றில் வளைமூக்கு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்தன. ஒன்றின் எடை சுமார் 60 கிராம்தான். அவை முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலையொட்டிய தூந்திரத்தில். அங்கே ஆனி மாதம்தான் பனி உருகும். அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை; கண்ணுக்கெட்டிய தூரமும் நன்னீர்க் குட்டைகளாகத் தேங்கும். குட்டைகளில் பூச்சி பெருகும் சில வாரங்களுக்குள் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு உள்ளான்கள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. பனியே பார்த்திராத விழுப்புரம் மாவட்டத்துச் சேறு அவற்றுக்குக் குளிர்காலச் சோறு. நெடுநேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

பனிக்கும் இந்தக் கரைக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி வடதுருவத்தைச் சுற்றிய பனிப்பாளங்களில் அடைபட்டிருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மரக்காணத்துக் கடற்கரை அன்று இன்னும் கிழக்கே இருந்தது. பனிப்பாளங்கள் உருகக் கடல் ஏறிவந்தது. கடலோரப் பள்ளங்களில் உவர்நீர் புகுந்தது.

2021இல் தமிழக அரசு கழுவெளியின் சுமார் 5,150 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இரண்டும் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி தந்தவை. ஆனால் கழுவெளியைக் காப்பது திண்டிவனம், வானூர் பக்கத்துச் சிற்றேரிகளிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவற்றின் வாய்க்கால்கள் தூர்ந்தால் நன்னீர் இங்கே வந்து சேராது. கிரீன்லாந்தின் பனி இன்றும் உருகிக் கடல்மட்டத்தை உயர்த்திவருகிறது. மேற்கிலிருந்து மழைநீர் தள்ளிக்கொடுக்காவிட்டால் உப்பு உள்ளே ஏறும். அதை முதலில் அறிவது ஏரியோரத்து நெல்வயல்காரர்கள்.