காத்திருக்கக் கற்ற நிரல்

ஏவலாளர் இருவகைப்படுவர். தம் மனத்திலுள்ள வரிசைப்படியே நம்மை வினவிக்கொண்டு செல்பவர் ஒருவகையார். வாயிலில் காத்து நின்று, அழைத்தபோது வந்து, ஏவியதை முடித்து, மீண்டும் வாயிலுக்கே செல்பவர் மற்றொரு வகையார். கணினிக்கு எழுதும் நிரல்களும் அங்ஙனமே இருவகையின. இவ்வேறுபாட்டை யாம் கல்லூரி வகுப்பில் ஏட்டளவிற் கற்றோம். அதன் பொருளை உணர்ந்ததோ பழவேற்காட்டு ஏரிக்கரையில், எம் தாய்மாமன் தலைகுனிந்து நின்ற ஒரு நாளில். அதனை நம் கல்லூரி அன்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் பொன்னேரியை அடுத்த திருப்பாலைவனம். எம் அன்னையார் பிறந்த குப்பமோ பழவேற்காட்டு ஏரியின் கரையிலுள்ளது. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. இங்கே இறால் வலை கட்டும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எவர் முறை எந்நாளில், எந்தப் பாட்டில் என்பதைச் சீட்டிட்டு அறிதல் இவ்வேரி மீனவரின் பழைய வழக்கம். முறை வந்தவர் கழிகளை ஊன்றி வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பர். நீரோட்டம் இறாலைக் கொணரும். அவ்வோட்டத்தை விரைவுபடுத்த எவராலும் ஆகாது.

எம் மாமாவும் பங்காளிகள் சிலரும் இறாலின் எடையையும் பங்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தனர். ஈரக்கை பட்டு எழுத்து அழிவது கண்டு, கணினியிற் கணக்கு அமைத்துத் தருவதாக யாம் முன்வந்தோம். பழைய மேசைக்கணினி ஒன்றும் கிடைத்தது. முதலில் எழுதிய நிரல் கறுப்புத் திரையில் வினாக்களைத் தொடுத்தது: பெயர் என்ன? பாடு எது? எடை எவ்வளவு? விலை என்ன? ஒன்றற்கு விடை தாராமல் அடுத்ததற்குச் செல்ல இயலாது. பிழையாக இட்டதைத் திருத்தப் பின்னே திரும்பவும் இயலாது. கரையிலோ எடைதான் முதலில் தெரியும். விலை வியாபாரி வந்த பின்னரே தெரியும். மாமா சற்று நேரம் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, நீ கேட்கிற வரிசையிலேயா ஏரி கொடுக்கும்?” என்றார். எமக்கு விடை தோன்றவில்லை.

அதன் பின்னரே நிகழ்வுவழி நிரலாக்கத்தை மெய்யாகக் கற்கத் தொடங்கினோம். இம்முறையில் திரையிலே ஒரு சாளரம். அதிற் பெயருக்கும் எடைக்கும் விலைக்கும் தனித்தனிப் பெட்டிகள். கீழே ‘பதிக’ என்னும் பொத்தான். எதனை முதலில் தொடுவது என்பது எதிரே அமர்ந்தவர் விருப்பம். சுட்டியை அழுத்தினாலும் விசையைத் தட்டினாலும் அஃது ஒரு நிகழ்வு. கணினி அந்நிகழ்வுகளை வந்த முறைப்படி ஒரு வரிசையில் நிறுத்துகின்றது. நிரலின் நடுவே நிகழ்வுச் சுற்று என்பது ஒன்றுண்டு. அது வரிசையின் தலையிலுள்ள நிகழ்வை எடுத்து, அதற்கென யாம் எழுதிவைத்த செயற்கூற்றினிடம் ஒப்படைக்கும். அவ்வேலை முடிந்ததும் அடுத்ததை எடுக்கும். வரிசை வெறுமையாயிற் காத்திருக்கும். ஆதலின் நிரலாசிரியன் எழுதுவது தொடக்கமுதல் முடிவுவரை ஒரே நேராய்ச் செல்லும் கதையன்று. ‘இது நேர்ந்தால் இதனைச் செய்க’ என்னும் ஏற்பாடுகளின் தொகுதியே. வலை கட்டுவதும் அத்தகையதன்றோ?

இம்முறை ஒருநாளில் தோன்றியதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார் சான்பிரான்சிஸ்கோ நகரிற் சுட்டியைப் பலரறிய இயக்கிக் காட்டினார். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திற் சாளரங்கள் வளர்ந்தன. 1984இல் மெக்கின்டாஷும் 1985இல் விண்டோஸும் அவற்றைப் பொதுமக்கள் மேசைக்குக் கொணர்ந்தன. 1991இல் வந்த விஷுவல் பேசிக், திரையில் வரைந்த பொத்தானை இருமுறை சொடுக்கிய அளவில் அதற்குரிய வெற்றுச் செயற்கூற்றைத் திறந்து தந்தது. தொடக்க மாணாக்கர் பலர்க்கு அதுவே முதற்படியாயிற்று. தமிழ் எழுதுவதும் இதற்கு நல்ல சான்று. 1999இல் வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘க’ விசையையும் ‘இ’ விசையையும் அடுத்தடுத்து அழுத்தக் ‘கி’ தோன்றும். இவை இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். பின்னது வருங்கால் முன் வந்தது யாதென நிரல் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். காத்திருப்பவன் மறவாதவனாகவும் இருத்தல் வேண்டுமென அறிந்தோம்.

நிற்க. யாம் பைத்தான் மொழியில், டிகேஇன்டர் என்னும் கருவித்தொகுதியைக் கொண்டு புதிய நிரலை எழுதினோம். முதற்பிழை சிறிது. பொத்தானோடு செயற்கூற்றை இணைக்குமிடத்தில் அதன் பெயரை மட்டும் எழுதவேண்டும். யாமோ பெயருக்குப்பின் அடைப்புக்குறிகளையும் இட்டோம். அக்குறிகள் ‘இப்பொழுதே செய்’ என்னும் ஆணை. ஆகவே சாளரம் தோன்றுமுன்னரே வெற்றுக் கணக்கொன்று பதிவாயிற்று. பின்பு பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழவில்லை. ‘அழைக்கும்போது வா’ என்பதற்கும் ‘வா’ என்பதற்கும் உள்ள வேற்றுமை இவ்விரு குறிகளில் அடங்கியிருக்கக் கண்டு வியந்தோம்.

இரண்டாம் பிழை பெரிது. பொத்தானை அழுத்தியதும் அன்றைய எடையை எழுதி, உடனே ஆண்டு முழுவதற்குமான பங்குகளை மீளக் கூட்டி, கணக்கு முழுவதையும் புதிதாய் எழுதுமாறு ஒரே செயற்கூற்றில் அமைத்திருந்தோம். எம் கணினியிற் சிறு கணக்கைக் கொண்டு சோதித்தபோது அது நொடியில் முடிந்தது. கரையிலிருந்த பழைய கணினியிலோ கணக்குப் பெருகப் பெருக நேரமும் பெருகியது. அவ்வேளையிற் சுற்று நின்றுவிடும், சாளரம் வெளிறிப்போகும். மாமா ஒருநாள் 12 கிலோ என்று இட்டு அழுத்தினார். ஒன்றும் அசையாதது கண்டு மேலும் இருமுறை அழுத்தினார். அவ்விரண்டு அழுத்தங்களும் வரிசையிற் காத்திருந்து, முன்னது முடிந்தபின் ஒவ்வொன்றாய் நிறைவேறின. 12 கிலோ 36 கிலோ ஆயிற்று.

வாரக் கணக்குப் பார்த்தபோது பங்காளிகள் அவரை நோக்கிய நோக்கினை யாம் மறவோம். 40 ஆண்டுகளாகத் தராசின்முன் நின்றவர்; எவரும் அவரை ஒரு சொற் கேட்டதில்லை. அன்று அவர், “நான் பன்னிரண்டுதான் போட்டேன்” என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்தார். பங்காளிகள் எதிரிலேயே யாம் கணினியின்முன் அமர்ந்து, ஓர் எடையை இட்டு மும்முறை அழுத்திக் காட்டினோம். மூன்று பதிவுகள் தோன்றின. “பிழை அவருடையதன்று, எம்முடையது” என்றோம். அச்சொல்லைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. சொல்லியபின்னரே மாமா நிமிர்ந்தார்.

திருத்தமும் முதல் முயற்சியிற் கைகூடவில்லை. செயற்கூற்றின் தொடக்கத்திற் பொத்தானை மூடி, இறுதியில் திறந்துவிட்டோம், பயனில்லை. காத்திருந்த அழுத்தங்களைச் சுற்று எடுப்பது செயற்கூறு முடிந்த பின்னரேயன்றோ? அதற்குள் பொத்தான் திறந்திருந்தமையால் அவையும் பதிவாயின. ஆகவே நெடிய கூட்டலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு முடிந்ததும் சிறிது பொறுத்து அடுத்ததை அழைக்குமாறு சுற்றினிடமே கேட்டுக்கொண்டோம். இடையிடையே சுற்று மற்ற நிகழ்வுகளைக் கவனித்தது. மிகையான அழுத்தங்கள் மூடிய பொத்தானிற் பட்டு வீணாயின. கடைசித் துண்டு முடிந்தபின்னரே பொத்தான் திறந்தது. ‘பதிவாகின்றது, பொறுத்திருங்கள்’ என்னும் வரி ஒன்றையும் சாளரத்திற் சேர்த்தோம்.

மாணாக்க அன்பர்காள்! செயற்கூறு சுருங்கியதாயிருத்தல் வேண்டும் என்று நூல்கள் கூறுவதை அழகிற்காகக் கூறியதென எண்ணற்க. நும் கணினியில் நுமக்கு ஒரு நொடி தாமதம். பிறர் கணினியில் அதுவே அவர் நாணயத்திற்கு வந்த கேடாகலாம். நிரலைப் பயன்படுத்துவார் இருக்குமிடத்திலேயே, அவர் கணக்கைக் கொண்டே சோதித்துப் பார்மின்.

திருத்திய நிரலில் மாமா முதன்முறை அழுத்தியபோது பொத்தான் மங்கியது. நாம் சேர்த்த வரி தோன்றியது. அதனைப் படித்தவர் கையை எடுத்துக்கொண்டு, “இப்படிச் சொல்லிவிட்டால் போதும், மாப்பிள்ளை. காத்திருக்க எங்களுக்கா தெரியாது?” என்றார்.