பெயருக்குச் சாவி யாரிடம்?

வாடகை வீட்டைக் காலி செய்கையில் உங்கள் பெயரையும் விட்டுச் செல்லுமாறு வீட்டுக்காரர் கூறினால் ஏற்பீர்களா? பெரும்பாலான சமூக வலைத்தளங்களில் நிலைமை அதுவே.

2016இல் தோன்றிய மாஸ்டடான், பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்களின் கூட்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தால் நம்மைப் பின்தொடர்வோர் உடன் வருவர். எழுதிய பதிவுகளோ பழைய இடத்திலேயே தங்கிவிடும். பழைய சர்வர் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டால் அவ்வழியும் அடைபடும்.

புளூஸ்கையில் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாளக் குறியீடு உண்டு. பதிவுகளையும் பெயர்த்துச் செல்லலாம். மீட்புச் சாவியும் பதிவுகளின் நகலும் நம் கைவசமிருந்தால், சர்வரே மறைந்தாலும் கணக்கை மீட்கலாம். அவ்விரண்டையும் பலர் எடுத்து வைப்பதில்லை என்பதே என் கவலை.

பல்லாண்டு எழுத்தும் நட்பும் ஒரே இரவில் அழியலாகாது. எனவே, கதவு திறந்திருக்கும்போதே சாவியைக் கேட்டுப் பெறுங்கள்!