பனிக்கேற்ற பலகை

காலில் பனிச்சறுக்குப் பலகையுடனேயே பிறப்பவர்கள் என்று நோர்வே மக்கள் தம்மைப் பற்றிப் பெருமையாகக் கூறிக்கொள்வதுண்டு. நாங்களோ செருப்பின்றி மணலில் நடந்து வளர்ந்தவர்கள். ஆயினும், ஒஸ்லோ நகரில் குடியேறி இருபது ஆண்டுகள் கழிந்த இன்று, எங்கள் அடுக்குமாடி வீட்டின் நிலவறையில் ஏழு சோடிப் பலகைகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. வீட்டில் இருப்பவர் நால்வர். ஊரிலிருந்து வந்த மாமா அவற்றைக் கண்டு, “நாலு பேருக்கு ஏழு சோடியோ?” என்று வியந்தார். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறவேண்டுமாயின் பனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

நம் வயல்களில் மணல், களி, செம்மண் என மண் வேறுபடுவதுபோல வெண்பனியும் பல வகைப்படும். புதிதாய் விழுந்த பனித்துகள்கள் கூரிய முனைகளை உடையவை. சில நாட்கள் கிடந்தபின் அம்முனைகள் மழுங்கிவிடும். பகலில் உருகி இரவில் உறையுமாயின், பனி கரடுமுரடான மணிகளாய் இறுகிவிடும்.

நெடுந்தூரம் செல்வதற்கான பலகை நடுவில் வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். வழுக்கிச் செல்கையில் அந்நடுப்பகுதி பனியைத் தொடாது. ஒரு காலை ஊன்றி உந்தும்போது அழுந்திப் பனியைப் பற்றும். அவ்வாறு பற்றுவதற்காகவே அங்கு மெழுகு தடவுகின்றனர். கடுங்குளிருக்குப் பச்சை, மிதமான குளிருக்கு நீலம், பூச்சியப் பாகையை அண்டிய நிலைக்கு ஊதா, அதற்கு மேல் சிவப்பு என்று நிறங்களால் அதனை வகுத்துள்ளனர். உருகி உறைந்த பழம்பனிக்கு இம்மெழுகு போதாது. ‘கிளிஸ்டர்’ என்னும் பசை வேண்டும். அது பலாப்பாலைப்போல் கையிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு சோடியே வைத்திருந்தோம். எல்லாம் பள்ளி வளாகத்தில் இலையுதிர்காலத்தில் நடைபெறும் பழம்பொருள் விற்பனையில் வாங்கியவை. எங்கள் மூத்த மகள் நான்காம் வகுப்பில் படித்த ஆண்டு, பள்ளியின் பனிச்சறுக்கு நாளன்று காலையில் பூச்சியத்திற்குக் கீழே ஐந்து பாகை. நீல மெழுகு நன்றாகவே பற்றியது. நண்பகலில் வெயில் ஏறிக் குளிர் தணிந்ததும், ஈரப்பனி மெழுகில் ஒட்டிக் கட்டி கட்டியாய்த் திரண்டது. பலகை நகர மறுத்தது. பிள்ளை அதனைத் தோளில் சுமந்துகொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தாள். “இது எங்கட பனி இல்லையம்மா” என்று அன்றிரவு அவள் கூறினாள். பலகையைப் பற்றி மட்டும் அவள் அவ்வாறு சொல்லவில்லை என்பது எங்களுக்கு விளங்கியது. பிறந்த நாட்டிலேயே ஒரு குழந்தை தன்னை அந்நியமாக எண்ணத் தொடங்கினால், பெற்றோருக்கு அன்றிரவு உறக்கம் வருமோ?

அடுத்த மாதச் செலவில் இரண்டொன்றைக் குறைத்து, அவளுக்கு இன்னொரு சோடி வாங்கினோம். அதன் நடுப்பகுதியில் அங்கோரா ஆட்டின் உரோமத்தாலான பட்டை பதிக்கப்பட்டிருந்தது. பூனையின் முதுகை வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கும். தலையை நோக்கித் தடவினால் தடைப்படும் அல்லவா? அவ்வாறே இப்பலகையும் முன்னே வழுக்கும், பின்னே பற்றும். பற்றுமெழுகு தேவையில்லை. பூச்சியப் பாகையை ஒட்டிய நாட்களுக்கு இதுவே துணை.

பின்னர் மகனுக்கு ஒரு சோடி வந்தது. சக்கரப் பாதணி அணிந்தோர் போலக் கால்களை மாறி மாறிப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் முறை 1980களில் பரவியது. அதற்குக் குட்டையான, விறைப்பான பலகை வேண்டும். பொறியால் செப்பனிட்ட அகன்ற பாதையும் வேண்டும். மலைக்கென எங்கள் இருவருக்கும் அகலமான பலகைகள் இரண்டு சோடி வந்தன. அகன்ற பலகை ஆழ்ந்த பனியில் குறைவாகவே அமிழும். அதன் ஓரங்களிலுள்ள உருக்குத் தகடு, இறுகிய பனிக்கட்டியில் வழுக்காது காக்கும்.

இத்துடன் நிறுத்திக்கொண்டோம். கடைக்குச் சென்றால் ஆசைக்கு அளவில்லை. ஒவ்வொரு பனிக்கும் ஒவ்வொரு பலகை அங்கே காத்திருக்கும். ஆகவே ஒரு முறைமை வகுத்தோம். ஒரு வகைப் பனி எங்களைப் பலமுறை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாலன்றிப் புதுச் சோடி வாங்குவதில்லை. ஓரிரு முறை மட்டும் தேவைப்படுவதை இரவல் நிலையத்தில் பெறலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவிகளை இலவசமாக இரவல் தரும் நிலையங்கள் இந்நாட்டில் பல உள. மகன் வேகத்திற்காக ஃபுளோரின் கலந்த மெழுகு கேட்டபோது மறுத்தோம். மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் அழியாது தங்கும் அம்மெழுகைச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனமும் 2023–24 பருவம் முதல் போட்டிகளில் தடைசெய்துவிட்டது.

எல்லாப் பலகைகளும் இருந்தாலும் எல்லா நாளும் செல்லத்தக்க நாளன்று. 1967ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா விடுமுறையில் நோர்வே மலைகளில் பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். அதன்பின் மலைப்பயண விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. காலத்தோடு திரும்பி வருவதில் வெட்கமில்லை என்பது அவற்றுள் ஒன்று. கடந்த விடுமுறையில் நாங்கள் மலையில் ஒரு மணி நேரம் சென்றிருப்போம். காற்று திசைமாறிச் சரிவில் பனியைக் குவித்தது. முன்னே சென்ற மகள் கைத்தடியால் குத்திப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு இந்தப் பனி சரியில்லை அப்பா, திரும்புவம்” என்றாள். மறுபேச்சின்றித் திரும்பினோம். பதினேழு வயதில் அவள் அப்பனியைத் தன் ஊர் மண்ணைப்போல் அறிந்திருந்தாள்.

ஆட்டுரோமப் பட்டை பதித்த அவளது அப்பழைய சோடி இப்பொழுது எங்களிடம் இல்லை. எங்கள் மாடியில் புதிதாய்க் குடிவந்த குடும்பத்தின் சிறுமி அதனை அணிகிறாள். முதல் நாள் அவளை அழைத்துச் சென்று, பனியைக் கையில் அள்ளிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் மகளே.