செவலையும் கிராபிக்ஸ் கார்டும்



போன மாசம் எங்க வீட்டுல பெரிய சண்டை. காரணம் என் ஆடு செவலை. அது குட்டியா இருந்தப்பவே தாய் ஆடு செத்துப்போச்சு. நான்தான் பாட்டில்ல பால் குடுத்து வளர்த்தேன். அதை வித்து, கூடக் கொஞ்சம் கடன் வாங்கி, அண்ணனுக்குக் கிராபிக்ஸ் கார்டு வச்ச கம்ப்யூட்டர் வாங்கணும்னு அப்பா சொன்னாங்க. "அண்ணன்கிட்டதான் லேப்டாப் இருக்கே, அதுலயும் படம் தெரியுதே, பிறகு எதுக்கு?" என்று அழுதேன்.

அப்பா கொத்தனார். அண்ணன் சிவில் டிப்ளமோ. வீடு கட்டுகிறவர்களுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தருகிறான். அவனுடைய லேப்டாப், தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூ படிச்சப்ப கிடைச்சது. டிப்ளமோ முழுக்க அதுலதான் படிச்சான்.

ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு, பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் ஒரே ஒரு படத்தை ஓட விட்டான். டேபிள் ஃபேனைக்கூட லேப்டாப் பக்கம் திருப்பி வச்சான். நாங்க எல்லாரும் வேர்த்துக்கிட்டே படுத்திருந்தோம். விடியக்காலம் 4 மணிக்குக் கரண்ட் போச்சு. பேட்டரி பழசு. எல்லாம் போச்சு. அண்ணன் ஒண்ணும் பேசாம திண்ணையில உக்காந்திருந்தான். அதைப் பார்த்து எனக்கும் பாவமா இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாளையங்கோட்டையில் அவன் நண்பர் வேலை பார்க்கும் ஆபீசுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான். அங்கே பெரிய கம்ப்யூட்டரில் குவாட்ரோ பி1000 என்ற கார்டு இருந்தது. அதே படம். 12 நிமிஷத்தில் முடிஞ்சிட்டு! நான் வாயைப் பிளந்துட்டேன்.

"எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"ஏட்டி, பத்தமடையில பாய் நெய்யிறதப் பாத்திருக்கேல்லா? ஒரே ஆளு நெய்தா எத்தனை நாளாகும்? நூறு பேரு ஆளுக்கொரு துண்டு நெய்தா?" என்றான்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். லேப்டாப் திரை 1366-க்கு 768 புள்ளிகள். பெருக்கினால் 10 லட்சத்து 49 ஆயிரத்து 88 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எங்கே நிழல் என்று கணக்குப் போடணும். அந்தக் கார்டில் இப்படிக் கணக்குப் போட மட்டும் 640 சின்னச் சின்னக் கோர்கள் இருக்கின்றன. தனியாக 4 ஜிபி நினைவகமும் உண்டு.

லேப்டாப்பில் கிராபிக்ஸ், சிபியூவுக்குள்ளேயே ஒட்டுக் குடித்தனம். அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. மொத்தம் உள்ள 4 ஜிபியை எல்லாரும் பங்கு போடணும். ஒரே தொட்டித் தண்ணியில சமையலும் குளியலும் மாதிரி. அதோடு, பிளெண்டரில் படத்தை முடிக்கிற வேலையை இந்தப் பழைய கிராபிக்ஸ் செய்யாது. பாவம், சிபியூதான் தனியாளா இழுக்கணும்.

"அப்ப லேப்டாப் மட்டமா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்லாத. தனிக் கார்டு இல்லாததாலதான் விலை குறைச்சல், கரண்டும் குறைச்சல். படிக்க, வரைய, வீடியோ பாக்க அது போதும்" என்றான். "கார்டை மட்டும் வாங்கி லேப்டாப்ல மாட்டிரலாம்லா?" என்றேன். ஆபீசே சிரிச்சது. அது பெரிய பெட்டிக் கம்ப்யூட்டரில்தான் மாட்டுமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலையே பார்த்துட்டு வந்தேன். சேரன்மகாதேவி தாண்டினதும், "செவலையை வித்துக்கோண்ணே" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைச்சிட்டு.

அண்ணன் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான். மாசத்துக்கு ரெண்டோ மூணோ படம்தான் வருது. ஆபீசில் படத்துக்கு 200 ரூபாய் குடுத்தால் ஓட்டித் தருவார்கள். வீட்டில் லேப்டாப்பில் வரைஞ்சு, பென் டிரைவில் கொண்டு போனால் போதும். மாசம் பத்துப் படம் வந்தால் அப்போ கம்ப்யூட்டர் வாங்கலாம். "விரலுக்கேத்த வீக்கம் போதும்ட்டி" என்றான்.

இப்போ அண்ணன் கடைசி பஸ்ஸில்தான் வீட்டுக்கு வாரான். அவன் வரும்வரை அம்மா சாப்பிட மாட்டாங்க. என் ஆட்டுக்காக அவன் அலையுறானோ என்று சில நாள் எனக்குத் தூக்கம் வராது. அதனால் தினமும் அவன் கணக்கு நோட்டைத் திறந்து எத்தனை படம் என்று எண்ணிப் பார்க்கிறேன். இந்த மாசம் நாலு.

செவலை இப்போ சினையா இருக்கு. பத்தாவது படம் வரும்போது அதோட குட்டிகளைத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செவலையை மட்டும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி