கோப்பெங் கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம்

கோப்பெங், பேராக்



ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோப்பெங், கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தால் எழுந்த ஊர்களுள் மூத்தவற்றில் ஒன்று. 1879இல் இயூ கோங் என்னும் சீன வணிகர் இங்குத் திறந்த ‘யான் சாங்’ மருந்துக்கடையே, பின்னர் பல நாடுகளில் கிளை பரப்பிய இயூ யான் சாங் நிறுவனத்தின் தொடக்கம். அக்காலத்துக் கடைத்தெரு, நடந்து வருவோரையும் மாட்டுவண்டியையும் மட்டுமே எதிர்பார்த்து அமைந்தது. முகப்புக் குறுகி, உள்ளே நீண்டு, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் கடைவீடுகளின் முன்னால், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடப்பதற்கென விடப்பட்ட கூரையிட்ட நடைவழியை இந்நாட்டுத் தமிழர் ‘அஞ்சடி’ என்பர். சிங்கப்பூருக்கு 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக இடம்பெற்ற இவ்வழக்கம் தீபகற்பம் முழுவதும் பரவியது. இன்று கடைமுகப்பு ஒன்றின் அகலத்தை இரண்டு கார்கள் நிரப்பிவிடுகின்றன. மோட்டார் சைக்கிள்களும் அடுக்கிய சரக்கும் அஞ்சடியில் ஏறிக்கொள்ள, பை சுமந்த முதியவர் வண்டி ஓடும் சாலையில் இறங்கி நடக்க நேர்கிறது.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ செல்லும் பழைய கூட்டரசுச் சாலை தாப்பா, கம்பார், கோப்பெங் ஆகிய ஊர்களின் ஊடாகவே போகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், தொலைதூரப் பேருந்துகளும் லாரிகளும் டோல் கட்டிப் புறத்தே விரையத் தொடங்கின. நெரிசல் நீங்கியதை நகராண்மையினர் நன்மையாகக் கருதலாம். ஆனால் இளைப்பாற நிறுத்தித் தேநீர் அருந்தி, ஏதேனும் வாங்கிச் சென்றவர்களும் அதே வழியில்தான் போய்விட்டனர். கோப்பெங் டோலில் இறங்குவோரில் ஒரு சாரார் ஆற்றில் படகு விடவும் தெம்புரோங் குகையைக் காணவும் வருகின்றனர்; வேறு சிலர் பத்து காஜா சாலையில் திரும்பி, வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்ட மாளிகைக்குச் செல்கின்றனர். கடைத்தெருவுக்கு வருவோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்தாரே.

அச்சுற்றுவட்டாரம் எப்படி மாறியது என்பதில்தான் வண்டி நிறுத்தத்தின் மெய்யான வரலாறு அடங்கியிருக்கிறது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில், வாழ்ந்த காலத்தில், வேலை, பள்ளி, கோயில், கடன் கொடுக்கும் சில்லறைக்கடை ஆகிய யாவும் நடை தொலைவிலேயே இருந்தன. பட்டணத்துக்குப் போவது சம்பளம் போட்ட பிறகோ பண்டிகைக்கோதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், அக்குடும்பங்கள் ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. தொழிற்சாலை ஒரு திசையிலும் பிள்ளையின் பள்ளி மறு திசையிலும் அமைந்துவிட, முதலில் மோட்டார் சைக்கிள், பின்னர் 1985இல் வந்த புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கன்சில் போன்ற உள்நாட்டுக் கார்கள், தவணைக் கடனில் வாசலுக்கு வந்தன. வசதி கூடியதன் அடையாளமாக இதைக் கொண்டாடுவோர் உண்டு. வேறு வழியின்றிச் சுமக்கும் செலவு என்பதே இதற்குப் பொருத்தமான பெயர்.

ரயிலும் கோப்பெங்குக்கு உதவவில்லை. இருப்புப்பாதை பத்து காஜா, கம்பார் வழியே செல்வதால், 2010இல் தொடங்கிய ‘இடிஎஸ்’ மின்ரயிலைப் பிடிக்கவும் முதலில் ஒரு வண்டி வேண்டும். எஞ்சியது, ஈப்போ மேடான் கிட் நிலையத்துக்கும் கம்பாருக்கும் இடையே ஓடும் பேருந்து.

நிறுத்தக் கட்டணம் பற்றி எழும் முணுமுணுப்புக்கும் இந்த வழியின்மையில்தான் விளக்கம் உண்டு. பேராக்கில் சுரண்டும் கூப்பனின் இடத்தைக் கைப்பேசிச் செயலி பிடித்தது. கட்டத் தவறினால் சம்மன் வரும். டொனால்ட் ஷூப் என்னும் அமெரிக்க அறிஞர் 2005இல் வெளியிட்ட நூலில், இலவச நிறுத்தத்தின் விலையை நடந்து வருபவர் உட்பட எல்லோருமே மறைமுகமாகக் கொடுக்கின்றனர் என வாதிட்டு, ஏழில் ஓர் இடமாவது காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்கச் சொன்னார். அவ்வாதம் சரியானதே; ஆயினும் காரின்றி வர வழியுள்ள ஊரில்தான் அது நியாயமாகவும் இருக்கும். சென்னைத் தியாகராய நகரில் 2019இல் பாண்டி பஜாரின் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டபோதும், 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தைப் பேருந்து நிலையத்தோடு 570 மீட்டர் ஆகாய நடைபாலம் இணைத்தபோதும், ரயிலும் பேருந்தும் ஏற்கெனவே அங்கு இருந்தன.

தீபாவளிக்கு முன்னைய வாரங்களில் சேலையும் பலகாரச் சாமானும் வாங்க ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் வட்டாரக் குடும்பங்களுக்கு வண்டி நிறுத்துவது ஆண்டுதோறும் வரும் சோதனை. அங்குள்ள லாஹாட் சாலையில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவது வேலைக்காகாது. மேடான் கிட்டிலிருந்தோ நடந்தே போய்விடலாம். ஆகவே, கடையடைக்கும் நேரத்துக்குப் பின்னும் ஒரு பேருந்து கோப்பெங்குக்குத் திரும்பும் என்ற உறுதியை அவ்வாரங்களில் மட்டுமாவது தருவது, புதிதாக ஒரு நிறுத்துமிடம் கட்டுவதைவிட மலிவானது. குழந்தைகளோடும் மூட்டைகளோடும் இரவில் வீடு திரும்ப வழியில்லை என்ற அச்சம்தான் அவர்களைக் காரில் ஏற்றுகிறது.