பெருங்கிணறும் கட்டுச்சோறும்: திருவெள்ளறையில் ஒரு பகல்

திருச்சியிலிருந்து திருவெள்ளறைக்குப் போக, சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ‘சத்திரம்னா என்னம்மா?’ என்று பக்கத்து சீட்டுப் பிள்ளை கேட்டால், பல அம்மாக்களுக்கு உடனே பதில் வராது. பெயர் பஸ் போர்டில் இருக்கிறது, பழக்கம்தான் போய்விட்டது.

தங்கச் சத்திரத்துத் திண்ணை, குளிக்கக் கிணறு, சமைக்க மூன்று கல் அடுப்பு. வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் புளியும் மூட்டை கட்டிக் கொண்டுபோய், போன இடத்தில் உலை வைத்துச் சாப்பிட்டு, அவசரமில்லாமல் ஊர் பார்த்தார்கள் நம் முன்னோர்.

கொண்டுவராதவர்கள்? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ராமேஸ்வரம் போகிற வழியிலிருந்த சத்திரங்களில், வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் கொடுத்துவிடுவார்கள், அவர்களே பொங்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாமல் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுச் சோறு போட்ட பிறகுதான் அடுப்படியை மூடுவார்களாம்.

தானே சமைத்துச் சாப்பிட்டதற்குச் சாதி ஆசாரமும் ஒரு காரணம். அந்த ஆசாரம் ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து, ஓர் ஊரில் இறங்கி, குளித்து, சமைத்து, உட்கார்ந்து பழகுகிற நிதானமும் போய்விட்டதே!

ஜப்பானில் இன்னும் எரிகிற அடுப்பு

அந்த நிதானத்தை விடாமல் வைத்திருக்கும் இடங்கள் ஜப்பானில் இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து கொதித்து வரும் வெந்நீர் ஊற்றுகள் அங்கே ஏராளம். உடம்பு வலி தீர அங்கே போய் நாள்கணக்கில் தங்கிக் குளிப்பதற்கு ‘தோஜி’ என்று பெயர். ஏழு நாள் ஒரு சுற்று. முடிந்தவர்கள் மூன்று சுற்று தங்குவார்கள். நடவும் அறுவடையும் முடிந்து இடுப்பு ஒடிந்த விவசாயிகள்தான் அந்தக் காலத்தில் அதிகம் வந்தவர்கள். அரிசி, காய்கறி, சோயாவில் செய்த ‘மிசோ’ விழுது எல்லாம் அவர்கள் மூட்டையிலேயே இருக்கும்.

அதனால் அந்த விடுதிகளில் ‘ஜிசுய்’, அதாவது தானே சமைத்துக்கொள்கிறவர்களுக்கென்று, தனிப் பகுதி உண்டு. ஹனாமாகி பக்கம் ஓசாவா, ஆவோமோரி மலையில் சுகாயு போன்ற பழைய விடுதிகளில் இன்றும் இருக்கிறது. சாதாரணப் பாய் விரித்த அறை. எல்லோருக்கும் பொதுவான சமையல்கட்டு. பாத்திரமும் அங்கேயே இருக்கும். சில இடங்களில் காசு போட்டால் சில நிமிடம் எரிகிற கேஸ் அடுப்பு. பெப்பு நகரின் கன்னாவாவில் இன்னும் வேடிக்கை: பூமியிலிருந்து வரும் ஆவியிலேயே முட்டையையும் கிழங்கையும் வேகவைத்துக்கொள்ளலாம்.

அங்கே யாரும் உங்களை உபசரிப்பதில்லை. காலையில் ஒரு குளியல், கஞ்சி, ஒரு தூக்கம், மறுபடி குளியல். பக்கத்து அடுப்புக்காரம்மா ஒரு கிண்ணம் ஊறுகாயை நீட்டுவார். நீங்கள் செய்த குழம்பில் ஒரு கரண்டி அவர் தட்டுக்குப் போகும். சீசனில் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கி, அருவிக்கும் அடுப்புக்குமாக நடந்த குடும்பங்களுக்கு இந்தச் சுகம் புரியும். குளிக்கத் தண்ணீர், பொங்க ஓர் அடுப்பு, பங்குபோட நாலு பேர். தங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

வெள்ளைப் பாறை ஊர்

இப்போது துறையூர் பஸ்ஸுக்குத் திரும்புவோம். கொள்ளிடம் தாண்டி, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன மண்ணச்சநல்லூரைக் கடந்தால், திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை. அறை என்றால் பாறை. வெள்ளைப் பாறைக் குன்றின் மேல் கோயில் இருப்பதால் வெள்ளறை.

புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்த ஊரும் இதுதான். முகப்பில் மொட்டையாக நிற்கிறது முடிவடையாத ராஜகோபுரம். அதைத் தாண்டி ஏறும் 18 படிகள் கீதையின் 18 அத்தியாயங்கள் என்பார்கள். சன்னிதிக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். எந்த மாதம் போகிறீர்களோ, அந்த வாசல்தான் உங்களுக்கு. இன்னொரு விசேஷம்: இங்கே வீதிப் புறப்பாட்டில் பங்கஜவல்லித் தாயார் முன்னே போவார், பெருமாள் பின்னால்தான் வருவார்!

பெரும்பாலோர் இதோடு சேவித்துவிட்டு, ‘அடுத்து சமயபுரம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். சாமியைப் பார்த்தாயிற்று. ஆனால் இந்த ஊர் 1,200 வருடங்களாக வழிப்போக்கனுக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒன்றைப் பார்க்கவில்லை.

மாமியார் மருமகள் கிணறு

கோயிலுக்கு வெளியே சற்று நடந்தால் இருக்கிறது அந்தப் பெருங்கிணறு. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். நாலு பக்கமும் படிக்கட்டு. ஒவ்வொன்றும் பாதியில் திரும்பித் தண்ணீருக்கு இறங்கும். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் வேலை தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். வெட்டியவர் அரசன் அல்ல. ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பி கம்பன் அரையன். பெயரை மட்டும் அரசனின் பட்டப் பெயரில் வைத்தார்: ‘மார்ப்பிடுகு பெருங்கிணறு’.

படி திரும்புவதால் ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் இருப்பவர் கண்ணில் பட மாட்டார். அதனால் ஊரார் இதற்கு வைத்த பெயர் ‘மாமியார் மருமகள் கிணறு’. கேலி ஒருபக்கம் இருக்கட்டும். வழிநடையில் வந்த ஒரு பெண் கூச்சமில்லாமல் முழுகி எழ ஒரு மறைவு வேண்டும் என்பதற்கு இந்தக் கல்கட்டில் விடை இருக்கிறது. சுகாயு விடுதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் பெரிய குளியலறை உண்டு. அங்கே பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். திருவெள்ளறையில் நேரம் ஒதுக்கத் தேவையே இல்லை, கட்டும்போதே ஒதுக்கிவிட்டார்கள்.

கிணற்றின் கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டும் இருக்கிறது. அதன் சாரம் இது: இன்று பார்த்தவர் நாளை இல்லை என்கிற உலகத்தில் மயங்கி நிற்காதே, ஆயுள் எத்தனை என்று எண்ணி வாடாதே, கிழத்தனம் வந்து முடக்கிப் போடும் முன்னால், கையில் இருந்தால் நீ சாப்பிடு, மீந்ததை ஊரறிய நல்லதற்கு வை.

பட்டினி கிட என்று அந்தப் பாட்டு உபதேசிக்கவில்லை. முதலில் நீ சாப்பிடு என்கிறது. பிறகுதான் மிச்சத்தைக் கேட்கிறது. ஜப்பான் சமையல்கட்டில் கைமாறும் ஊறுகாய்க் கிண்ணமும், நள்ளிரவுச் சத்திர மணியும் இதே கணக்குதான். கம்பன் அரையன் வைத்த மிச்சம், தண்ணீர்.

இன்று அந்தக் கிணறு தொல்லியல் துறையின் பாதுகாப்பில், வேலிக்குள் இருக்கிறது. பாதுகாத்ததால்தான் கல் மிஞ்சியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரும் இறங்கிக் குளிக்காத தண்ணீரை யாரும் சொந்தமாக நினைப்பதும் இல்லை. வேலிக்கு வெளியிலிருந்து ஒரு செல்ஃபி, கையிலிருந்த பாலிதீன் பை அங்கேயே. மீந்ததை வை என்று கல்லில் எழுதிய இடத்தில் நாம் வைத்துவிட்டு வருவது இதுதானா?

எப்படிப் போகலாம்?

முழுப் பகலையும் திருவெள்ளறைக்கே கொடுங்கள். காலை வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பாறை சுட்டால் கால் வைக்க முடியாது. முதலில் பெருமாள் சேவை. மதியம் நடை சாத்திவிடுவார்கள். பிறகு கிணற்றை நாலு பக்கமும் சுற்றி, படி எங்கே திரும்புகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்க ஆசைப்பட வேண்டாம்.

இன்று அங்கே அடுப்பு மூட்ட முடியாது. கட்டுச்சோறு கட்டலாமே! புளியோதரை, தயிர்சாதம், மாவடு, தொட்டுக்கொள்ள ஒரு துவையல். எங்காவது மரநிழலில் வாழை இலையைப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு பிடி கூடுதலாகக் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊரோ, என்ன பசியோ.

சாப்பிட்ட இலையையும் தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். சத்திரம் வந்து இறங்கும்போது பிள்ளை மறுபடி கேட்டால், இந்த முறை சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்.