கடைசியாக வந்தவன்

பொள்ளாச்சியில் நடந்த மாரத்தானில் அறுபத்திரண்டு வயதில் நானும் ஓடினேன். முழு மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். நான் பெயர் கொடுத்தது அதில் பாதிக்கு. "இந்த வயசுல எதுக்குங்கப்பா? என்னால ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது" என்ற மகன், அதன்பின் இரண்டு நாள் பேசவில்லை.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆனைமலை ரோட்டின் இருபுறமும் தென்னந்தோப்பு. நார் மில் பக்கம் ஊறிய மட்டை வாசம். பத்து கிலோமீட்டர் வரை இளவட்டங்களுக்குச் சமமாக ஓடினேன். அதற்கான கூலி பதினேழில் கிடைத்தது; கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த வண்டியில் "ஏறிக்குங்க சார்" என்றார்கள். மகன் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது.

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏனுங்க, பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, வண்டியைப் போகச் சொன்னேன். மீதி நான்கு கிலோமீட்டரும் நொண்டி நடைதான்.

போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக என் செருப்பைக் கையில் பிடித்தபடி மகன் நின்றிருந்தான்.

"வீட்டுக்குப் போலாங்கப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.